ஏசி சொட்டுது... சுவர் கருக்குது!

ராஜபாளையம் நூற்பாலைகளில் காற்றின் ஈரத்தை அளக்காமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது. சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். இன்னொன்றின் குமிழில் நனைந்த திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்த்து, அட்டவணையில் தேடி, ஈரப்பதத்தை நோட்டில் குறிப்பார்கள். இப்போது டிஜிட்டல் மீட்டர்கள் வந்துவிட்டன. அளக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஈரம் குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஸ்பின்னிங்கில் 55 முதல் 60 சதவிகிதம், தறி ஓடும் கூடத்தில் 75-க்கும் மேலே என்பதெல்லாம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மனப்பாடம்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்று முதல் காற்றையும் ஈரத்தையும் கட்டி ஆளத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், படுக்கையறை ஏசிக்குக் கீழே சுவர் உப்பி, பெயின்ட் உரிந்து, ஓரமெல்லாம் கரும்புள்ளி விட்டுக் கிடக்கிறது. மில்லில் நாள் தவறாமல் அளந்த ஈரத்தை வீட்டில் யாரும் அளப்பதில்லை.

ஏசி என்ற இயந்திரமே ஈரத்தை அடக்கப் பிறந்ததுதான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி அச்சாகிக்கொண்டிருந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பிலிருந்துதான் இன்றைய ஏசியின் கதை தொடங்குகிறது. 1906-ல் அதற்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்த ஸ்டூவர்ட் கிரேமர், அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்த பொறியாளர். பஞ்சாலைக்காரர்கள் பெயர் வைத்த இயந்திரம் பஞ்சாலை ஊரில் சுவரை நனைக்கிறது என்றால், அதைப் பராமரிக்கும் முறையில் எங்கோ கோளாறு இருக்கிறது.

சுவரில் கருப்பு தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் பெயின்டரைக் கூப்பிடுகிறார்கள். முதலில் கூப்பிட வேண்டிய ஆள் அவரில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைக்கும்வரை சுவரில் கை வைக்கவே கூடாது. வழியை விட்டுவிட்டு அடிக்கிற பெயின்ட் அடுத்த கோடைக்குள் உரிந்துவிடும். பூசணமும் இருந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பங்குனியில் போட்டு, ஐப்பசியில் மறந்து...

விருதுநகர் மாவட்டத்தில் ஏசியின் வருடம் பங்குனியில் பிறக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கும் நாளில்தான் பல வீடுகளில் ரிமோட்டைத் தேடுவார்கள். சித்திரை, அக்னி நட்சத்திரம் முழுக்க ராத்திரி விடிய விடிய ஓடும். ஆடிப்பூரத் தேர் முடிந்து, மேற்குமலைக் காற்று கொஞ்சம் இறங்கினால் ஏசிக்கு ஓய்வு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஸ்விட்சை அணைத்து, ஸ்டெபிலைசரைக் கழற்றி, அதோடு மறந்துவிடுவோம்.

கெடுதல் தொடங்குவது அங்கேதான். கடைசியாக அணைத்த ராத்திரியில் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் 'காயில்' என்ற குழாய்ச் சுருள் நனைந்திருந்தது. அடியில் தட்டில் அரை டம்ளர் தண்ணீர் நின்றது. ஃபில்டரிலும் ப்ளோயரிலும் ஒரு கோடைக்கான தூசு. மேலே மூடி. வெளியே அடைமழை. பூசணத்துக்குத் தேவையானது தண்ணீர், தின்ன ஏதாவது ஒன்று, மிதமான சூடு. மூன்றையும் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான்கைந்து மாதம் போய்விடுகிறோம். அடுத்த பங்குனியில் ஆன் செய்ததும் முதல் காற்றிலேயே முடை வாடை அடிப்பது அதனால்தான்.

ராஜபாளையத்தில் தூசுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. மில்லுக்கும் விசைத்தறிக்கும் பக்கத்திலுள்ள தெருக்களில் ஜன்னல் கம்பியைத் தடவினாலே மென்மையான பஞ்சிழை விரலில் ஒட்டும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் இடங்களிலும் அப்படித்தான். பஞ்சு என்பது செல்லுலோஸ்; பூசணத்துக்கு விருந்து. சாதாரணத் தூசு ஃபில்டரில் தூளாகப் படியும். பஞ்சிழையோ ஒன்றோடொன்று பின்னிப் படலமாகவே மூடிவிடும். ஏசி கம்பெனி கையேட்டில் மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவச் சொல்லியிருந்தாலும், இங்கே ஓடும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவதுதான் சரி.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பு வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். ஏசிக்குள் நடப்பதும் அதுவே. காற்று 30 டிகிரி சூட்டில், 70 சதவிகித ஈரத்தோடு இருந்தால், 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும். ஏசியின் காயில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். படியாமல் என்ன செய்யும்?

10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 டிகிரி சூட்டில் ஈரம் 75 சதவிகிதமானால், அறைக் காற்றில் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது. கதவிடுக்கில் வெளிக்காற்று புகப் புக அது நிரம்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டு, வியர்த்தால் அதிலிருந்து இன்னும் அரை லிட்டர். ஒட்டியிருக்கும் பாத்ரூமில் வெந்நீர்க் குளியல், கார்த்திகை மழையில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட துணி என்று சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நல்ல புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலுமோ தண்ணீர் கக்குகிறது. இத்தனையும் வெளியே போக இருப்பது விரல் தடிமன் உள்ள ஒரே ஒரு டிரெயின் பைப்.

மூடியைத் திறந்தபோது...

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியை அடுத்த பழைய வீடு ஒன்று, என் சித்தி வீடு. ஏசிக்குக் கீழே இரண்டு அடி நீளத்துக்குச் சுவர் பொரிந்து, விளிம்பில் கருப்பும் பச்சையும் கலந்து படர்ந்திருந்தது. மெக்கானிக் தம்பி வந்து மெயினை அணைத்துவிட்டு முன்மூடியைக் கழற்றினார். ஃபில்டர் சாம்பல் நிறத்தில் துணி மாதிரி கனத்திருந்தது. அதை எடுத்ததும் காயிலின் அலுமினியத் தகடுகள் மேல்பாதி பளிச்சென்றும் கீழ்ப்பாதி அழுக்கேறியும் தெரிந்தன. காற்று வெளியே வரும் வாயில் டார்ச் அடித்துக் காட்டினார். உருளையாகச் சுழலும் ப்ளோயரின் ஒவ்வொரு இதழ் நுனியிலும் கரும்புள்ளி வரிசை. ராத்திரி முழுக்க முகத்துக்கு நேரே வந்த காற்று அதைத் தொட்டுத்தான் வந்திருக்கிறது.

தட்டைக் கழற்றியபோது தண்ணீர் கால் அங்குலம் நின்றது. அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். தூசும் பாக்டீரியாவும் பூசணமும் சேர்ந்து வளரும் பாசி அது. அதில் ஒரு துண்டு பெயர்ந்துபோய் டிரெயின் பைப்பின் வாயை அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் தட்டின் பின்விளிம்பு வழியே வழிந்து, சுவரோடு இறங்கியிருக்கிறது.

"போன தீபாவளிக்குத்தான் தம்பி பெயின்ட் அடிச்சோம். நல்ல கம்பெனி பெயின்ட்டு" என்றார் சித்தி.

"பெயின்ட் மேல தப்பில்லம்மா. இந்தாங்க, இந்தப் பைப்பப் பாருங்க" என்று வெளியே கூட்டிப்போனார். முற்றத்துச் சுவரை ஒட்டி வந்த குழாய் நடுவில் தொய்ந்து, பிறகு மேலேறி, மறுபடி இறங்கியது. தண்ணீர் மேட்டில் ஏறாது. தொய்ந்த இடத்தில் நின்றுவிடும். அங்கே பாசி பிடிக்கும்.

பழைய வீடுகளில் இது எதிர்பார்க்கக்கூடிய சிக்கல். ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்பவை. படுக்கையறைக்கு வெளிச்சுவரே இருக்காது. ஏசி தண்ணீர் முற்றம்வரை நடந்து போயாக வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். பத்தடிக் குழாய்க்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். பொருத்தும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கை விடாதீர்கள்.

ஒழுகுவதற்கு ஒரு காரணம் மட்டுமில்லை

பாசி அடைப்புதான் பரவலான காரணம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: குளவி. வெயில் நாளில் குழாயின் ஈரமான முனையைத் தேடி வந்து மண்கூடு கட்டிவிடும். குளவிக்கூடு வீட்டுக்கு நல்ல சேதி கொண்டுவரும் என்ற நம்பிக்கையில் அதைக் கலைக்க மனம் வராது. முன்னதாகவே முனையில் கண் பெரிய பிளாஸ்டிக் வலை கட்டிவிட்டால் குளவிக்கும் நமக்கும் சங்கடமில்லை. குழாய் முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ விடுவதும் தப்பு; தண்ணீர் எதிர்த்து நிற்கும். நேரே சாக்கடையில் சொருகினால் நாற்றமும் கரப்பானும் அதே வழியில் படுக்கையறைக்கு வரும்.

ஏசி ஓடும்போது சொட்டாமல், அணைத்த கொஞ்ச நேரத்தில் சலசலவென்று கொட்டினால் காயிலில் ஐஸ் கட்டி உருகுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டால் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் கட்டும். இங்கே கவனம் வேண்டும். "கேஸ் குறைஞ்சிருக்கு, ஃபில் பண்ணணும்" என்று வருடா வருடம் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்துப் பற்றவைத்த பிறகே கேஸ் நிரப்ப வேண்டும். இப்போது வரும் பல ஏசிகளில் உள்ள ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மை கொஞ்சம் உள்ளது என்பதால், கசிவை அலட்சியப்படுத்துவது செலவோடு நிற்கிற விஷயமில்லை.

செம்புக் குழாயைச் சுற்றிய கருப்பு ஸ்பான்ஜ் கிழிந்திருந்தால் குழாயே வியர்த்துச் சொட்டும். சுவரில் போட்ட துளை வெளிப்பக்கமாகச் சாயாமல் உட்பக்கம் சாய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். ஏசி ஓடாத கார்த்திகையில் சுவர் நனைந்தால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும், அடுத்தது மொட்டைமாடி.

அடைப்பைப் பார்க்க ஒரு சுலபமான சோதனை போதும். மெயினை அணைத்து, மெக்கானிக் முன்னிலையில் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் குழாயின் மறுமுனையில் நில்லுங்கள். ஊற்றிய தண்ணீர் தயங்காமல் வந்தால் சர்வீஸ் முடிந்தது. வராவிட்டால் முடியவில்லை. ஏசிக்கு நேர்க்கீழே ஸ்விட்ச் போர்டு இருக்கும் வீடுகளில் இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டை நகர்த்துங்கள். வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது

சுவரில் இருப்பது பூசணம்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விளக்குப் புகை, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எல்லாம் ஏசி காற்றுவழியில் கரியாகப் படியும். தண்ணீர் கலந்த ப்ளீச்சைப் பஞ்சில் தொட்டு ஓர் ஓரத்தில் ஒற்றினால், ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூசணம். கருப்பு அப்படியே நின்றால் கரி.

கருத்த இடம் சுமார் மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தால், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள் போயிருந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் வரம்பு இது, நமக்கும் பொருந்தும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் ஓடினால் பூசணத்தின் விதைத்தூள் வீடு முழுக்கப் பறக்கும்.

காய்ந்த சுவரில் பிரஷ்ஷோ உப்புத்தாளோ போடவே கூடாது. முதலில் ஸ்ப்ரே பாட்டிலால் சுவரை நனைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். உப்பிய பட்டியையும் பெயின்ட்டையும் ஈரமாகவே சுரண்டி எடுத்து, பையில் கட்டி வெளியே போடுங்கள். பிறகு சுவர் காய வேண்டும். மேலே தொட்டுக் காய்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. செங்கல்லுக்குள் இறங்கிய ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன் பட்டி பார்த்து பிரைமர் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும்.

ப்ளீச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. ப்ளீச்சையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடும் ப்ளீச் சேரக் கூடாது. சுவரைப் பொறுத்தவரை ப்ளீச் பெரிய அவசியமும் இல்லை. அது மேலே நிறத்தை வெளுக்கும். துளையுள்ள பூச்சுக்குள் இறங்கிய வேரைத் தொடாது. செத்த பூசணமும் அலர்ஜி தரும் என்பதால், கொல்வதைவிட எடுத்து வெளியே போடுவதே முக்கியம்.

ஏசிக்குள் ப்ளீச்சோ வினிகரோ ஊற்றாதீர்கள். காயில் அலுமினியம், அரித்துவிடும். அதற்கென்று உள்ள காயில் கிளீனரை மெக்கானிக் வைத்திருப்பார். ஏசியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டி, ஜெட் பம்பால் காயிலையும் ப்ளோயரையும் கழுவி, தட்டைக் கழற்றித் தேய்த்து, டிரெயின் பைப்பில் தண்ணீரை அடித்து விட்டால்தான் அது முழு சர்வீஸ். ஃபில்டரைத் தட்டிவிட்டு, முன்பக்கம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவதற்கும் சிலர் சர்வீஸ் என்றே பில் போடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பையிலிருந்து வாளியில் இறங்கும் தண்ணீர் கடைசியில் தெளிந்து வரும்வரை நிறுத்த விடாதீர்கள்.

நனைந்த இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஜிப்சம் பலகை போன்றவை ஓரிரு நாளில் காயவில்லை என்றால் காப்பாற்ற முடியாது. மனசு கேட்காது, ஆனாலும் தூக்கிப்போடத்தான் வேண்டும். பட்டுப்புடவையையும் ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிப் பருத்திப் புடவையையும் அடுக்கிய பீரோ அந்தச் சுவரை ஒட்டி இருந்தால், நாலு விரல்கடை தள்ளி நிறுத்தி, பின்பக்கத்தைப் பாருங்கள். பூசணம் முதலில் குடியேறும் இடம் பெரும்பாலும் அதுதான்.

மூச்சுக்கு என்ன ஆகும்?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற பெயரைக் கேட்டு நாடே நடுங்கியது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அன்றிலிருந்து சுவரில் கருப்பைக் கண்டாலே பலருக்குப் பயம். கொரோனாவில் வந்த அந்த நோய் மியூகார்மைகோசிஸ், கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து எதிர்ப்புசக்தி குலைந்தவர்களைத் தாக்கியது. ஏசியிலும் சுவரிலும் வழக்கமாக வளர்பவை கிளாடோஸ்போரியம், அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைகள். ஆரோக்கியமானவர்களுக்கு இவற்றால் வருவது தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு. ஏசி போட்டதும் தொடங்கி வெளியே வந்ததும் அடங்கினால், சளி மருந்தைத் தேடுமுன் ஏசியைத் திறந்து பாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களின் நிலை வேறு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. பழைய டிபி நுரையீரலில் விட்டுப்போன குழிகளில் அஸ்பெர்ஜில்லஸ் பந்தாக வளர்ந்து ரத்தம் கக்க வைப்பதுண்டு. இந்த ஊர்களில் நான் அதிகம் கவலைப்படுவது மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவர்களை நினைத்துத்தான். பல ஆண்டுகள் பஞ்சுத்தூசை மூச்சில் வாங்கியவர்களுக்கு பிசினோசிஸ் என்ற நெஞ்சிறுக்கம் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அதிகம் படுத்தும். அப்படிப்பட்ட நுரையீரலோடு இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளைகள் ஆசை ஆசையாக ஏசி வாங்கி மாட்டுகிறார்கள். அந்த ஏசியின் ப்ளோயரில் பூசணம் இருந்தால், மில்லில் விட்டுவந்த தொல்லை படுக்கையறைக்கே வந்து சேருகிறது. அவருக்குத்தான் அந்த வீட்டிலேயே சுத்தமான காற்று வேண்டும்.

இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் பூசணம் படர்ந்திருந்தது. 2017-லேயே அவன் தந்தை புகார் செய்திருக்கிறார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பூசணத்தில் நீண்ட காலம் வாழ்ந்ததால் வந்த மூச்சுக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை முடிவு சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் பூசணப் புகாரைக் குறித்த கெடுவுக்குள் கவனித்தாக வேண்டும் என்ற விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அந்த வீட்டில் ஏசி இல்லை, காற்றோட்டம் போதவில்லை. ஆனால் பெயின்ட் அடித்து மூடச் சொல்லும் அந்தப் பதிலை நம் ஊரிலும் தினம் கேட்கிறோம்.

வராமல் பார்த்துக்கொள்ள

மில்லிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய முதல் பொருள் ஈரமானி. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. படுக்கையறையில் வையுங்கள். 60 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. நாள் கணக்கில் 70-க்கு மேலேயே நின்றால் எங்கோ தண்ணீர் வருகிறது, அல்லது போகாமல் நிற்கிறது. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த எண்ணைப் படிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஏசியை 18-ல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டு படுப்பது வேண்டாம். அத்தனை குளிரில் சுவரே 24 டிகிரிக்குக் கீழே போய், அதை ஒட்டிய ஏசி இல்லாத அறையின் பக்கம் வியர்க்கத் தொடங்கும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. அங்கேயே விட்டு, ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏசியும் உதவாது. அறை சட்டென்று குளிர்ந்துவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. ஜில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் பெரும்பாலும் போதும்; மேற்கு வெயில் நேராக அடிக்கும் மொட்டைமாடி அறையென்றால் மட்டும் மேலே யோசிக்கலாம்.

காலையில் அணைக்கும் முன் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் மோடில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். காயில் காய்ந்துவிடும். மூடிய அறையில் அப்படிச் செய்தால் காயிலின் ஈரம் திரும்ப அறைக்குள்ளேயே வரும் என்பதால் கதவைத் திறப்பது அவசியம். புது மாடல்களில் ஆட்டோ கிளீன் என்று தானாக உலர்த்தும் வசதி உண்டு. அதை அணைத்து வைத்திருந்தால் ஆன் செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு ஏசியை முடக்கும் முன்தான் முழு சர்வீஸ் செய்ய வேண்டும், பங்குனியில் போடும் முன் அல்ல. அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்து ஐந்து மாதம் மூடாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். மழைக்காலத்திலும் வாரம் ஒருநாள் அரை மணி நேரம் டிரை மோடில் ஓட விடலாம். வருடம் முழுக்கப் புழுக்கமான சிங்கப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு ஏசி சர்வீஸை வீட்டுச் செலவில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கின்றன.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை வாங்கி, வெளியே விடும். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வேர் பிடிக்காது. அந்தச் சுவரில் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பளபளப்பு வரும். சுவர் மூச்சு விடுவது நின்றுவிடும். தாத்தா கட்டிய வீட்டில் ஏசி மாட்டுகிறவர்கள், அந்த ஒரு சுவருக்காவது பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் பழக்கத்தைத் தொடர வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

வாடகை வீட்டில் யார் செலவு என்ற சண்டை ஓயாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, வேறுவிதமாக ஒப்பந்தம் போடாதவரை, கட்டடப் பழுதும் சுவர் வெள்ளையடிப்பும் தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. அதனால் குடிபோகும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: ஃபில்டர் கழுவுவதும் வருடாந்திர சர்வீஸும் யாருடையது, டிரெயின் பைப் அடைத்துச் சுவர் கெட்டால் செலவு யாருடையது. சாவி வாங்கும் அன்றே ஏசிக்குக் கீழே உள்ள சுவரையும், பீரோ இருக்கப்போகும் மூலையையும், வெளியே டிரெயின் குழாய் முனையையும் போனில் படமெடுத்து, தேதி தெரியும்படி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.